வலது பக்க வென்ட்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பதினேழு வருஷமாகச் சுத்தியலும் கையுமாக நிற்கிறவள் நான். நசுங்கி வந்த தகடு கெஞ்சினால் நிமிராது. ஆனால் அன்றைக்கு நடந்ததற்கு என் கோபத்தைக் குறை சொல்ல முடியாது. கோபம் வந்திருந்தால் கத்தியிருப்பேன். கத்தியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

நான் டிங்கர். இடிபட்ட கார்களை நிமிர்த்துவது, வெட்டுவது, ஒட்டுவது என் வேலை. என் வீட்டுக்காரரின் தம்பி பெயின்டர். ஷெட் எங்கள் இரண்டு பேருக்கும் பொது. வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்க்கிறார், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து, "எல்லாம் நல்லாப் போகுதா?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் தூங்கிவிடுவார். கொழுந்தனுக்குத் தெரு முழுக்க "சொட்டு" என்றுதான் பெயர். முதன்முதலாக அவன் பெயின்ட் அடித்த கதவில் ஒரு சொட்டு வழிந்து அப்படியே காய்ந்துவிட்டது. இப்போது அவன் அடித்தால் கண்ணாடி தோற்கும். பெயர் மட்டும் போகமாட்டேன் என்கிறது.

எட்டு மாதமாக நானும் அவனும் பேசிக்கொள்வதில்லை. காரை எடுக்க வந்த ஒரு வாடிக்கையாளர், கதவுக்கும் பாடிக்கும் நடுவில் இடைவெளி ஒரே சீராக இல்லை என்றார். பக்கத்தில் நின்ற சொட்டு, "அது அண்ணி கை வேலை சார், அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டான். சிரித்துக்கொண்டே வேறு சொன்னான். அந்த ஆள் போனதும், "நான் தகடு தட்டலைன்னா உன் பெயின்ட்டை எதுல அடிப்ப, காத்துலயா?" என்று கேட்டேன். "நான் அடிக்கலைன்னா உங்க தகடு துருப்பிடிச்சுக் கிடக்கும்" என்றான். அத்தோடு சரி. ஒரே கூரை, ஒரே கம்ப்ரஸர், ஒரே டீ பிளாஸ்க். பேச்சு மட்டும் கிடையாது. சொல்லியே ஆகவேண்டும் என்றால் சுவரைப் பார்த்துச் சொல்வோம். "யாரோ கம்ப்ரஸரை அணைக்காம போயிட்டாங்க" என்பேன். "அணைச்சுட்டுத்தான் போனாங்க" என்று அவன் கூரைக்குப் பதில் சொல்வான்.

இந்தக் கூத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவள் என் நாத்தனார். வீட்டுக்குக் கடைசி, அதனால் குட்டி. முப்பத்து நாலு வயதாகிறது, இன்னும் குட்டிதான். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. ஊசி குத்தினதே தெரியாது என்று நோயாளிகள் அவளைத் தேடி வருவார்கள். லீவு நாளில் ரேஸ் டிராக்கில் கார் ஓட்டுவாள். இரண்டு வேலைக்கும் கை நடுங்கக் கூடாது, அவ்வளவுதான் என்பாள்.

அவளுடையது இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். ஒரு ரேஸ் டீமில் ஓட்டுகிற இடம் ஒன்று காலியாக இருந்தது. அப்படி ஓர் இடத்துக்கு அவள் ஆறு வருஷமாக ஏங்கிக்கொண்டிருந்தாள். நிற்காமல் பத்து சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும், ஒவ்வொரு சுற்றும் அவர்கள் சொன்ன நேரத்துக்குள். அன்றைக்கு ஒரு மாதம் முன்பு போனாள். ஐந்து சுற்று பிரமாதம். ஆறாவதில் என்ஜின் சூடேறி, சூடு காட்டுகிற முள் சிவப்புக்குப் போய், என்ஜினை மூடுகிற பானெட் ஓரமெல்லாம் ஆவி கிளம்பிவிட்டது. டீம் மேனேஜர் நல்ல மனுஷர். "இன்னும் ஒரே ஒரு தடவை பார்ப்போம், அதுக்கு மேல என்கிட்ட கேக்காதீங்க" என்றாராம். அந்த ஒரு தடவை, நான் சொல்கிற நாளுக்கு மறுநாள் காலை எட்டு மணிக்கு.

சூடு ஏன் ஏறுகிறது என்பது எங்களுக்குத் தெரியும். ரேடியேட்டரைத் தாண்டி உள்ளே வருகிற காற்று, வெளியே போக வழி இல்லாமல் பானெட்டுக்கு அடியிலேயே சுற்றிச் சுற்றி வேகிறது. மேலே வழி விட்டால் போய்விடும். அதற்கென்று தனியாக விற்கிற வென்ட் இரண்டு வாங்கி வந்திருந்தாள். அலுமினியத் தகட்டில் செதில் செதிலாகத் திறப்பு, சுற்றிலும் ஒரு விரல் அகல விளிம்பு. பானெட்டில் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று சதுரமாக வெட்டி, இதை மேலே வைத்து ரிவெட் அடிக்க வேண்டும். வாயால் சொல்ல ஒரு நிமிஷம். ஆனால் அந்த மாடலை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. வேறு பானெட் கிடைக்காது. மூணு வாரம் தேடி அலுத்துவிட்டாள். தப்பாக வெட்டினால் வெட்டினதுதான்.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. கோடு போட்டவர் வெட்டக் கூடாது. போட்டவர் கண்ணுக்குத் தன் கோடு எப்போதும் சரியாகத்தான் தெரியும். அடுத்தவர் கையில் கருவி இருந்தால், "இங்கதானா? ஏன் இங்க?" என்று ஒரு வார்த்தை கேட்பார். அந்தக் கேள்வியில் எத்தனையோ கார்கள் தப்பியிருக்கின்றன. நான் கோடு போட்டால் சொட்டு வெட்டுவான். அவன் போட்டால் நான். சண்டைக்குப் பிறகும் இந்த வழக்கத்தை நாங்கள் விடவில்லை. கேட்பதை மட்டும் விட்டுவிட்டிருந்தோம்.

அன்று காலையில் இடது பக்கம் நன்றாகவே முடிந்தது. குட்டி எங்களுக்கு நடுவில் நின்றாள்.

"குட்டி, மூலை ஓட்டைக்கு எத்தனை மில்லி டிரில்லுன்னு கேளு" என்றான் சொட்டு. நான் இரண்டடி தள்ளி நிற்கிறேன்.

"அண்ணி, எத்தனை மில்லி?"

"பத்துன்னு சொல்லு."

"பத்தாம், சின்னண்ணா."

"கேட்டுச்சு, கேட்டுச்சு."

"கேட்டுச்சுன்னா அப்புறம் நான் எதுக்குடா நடுவுல? ஆளுக்கு ஒரு காது இருக்குல்ல?" என்று குட்டி தலையில் அடித்துக்கொண்டாள். "நீங்க ரெண்டு பேரும் ரத்தம் குடுக்க வந்தீங்கன்னா பெரிய ஊசியாப் பார்த்துக் குத்தப்போறேன், பாருங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிப்பதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வெட்டின இடத்தில் வென்ட்டை வைத்துப் பார்த்தோம், கச்சிதமாக உட்கார்ந்தது. வலது பக்கத்துக்கு, இடது பக்க அளவுக்கு வெட்டி வைத்திருந்த அதே அட்டையைத் திருப்பி வைத்து, பானெட்டில் ஒட்டியிருந்த மாஸ்கிங் டேப் மேல் கறுப்பு மார்க்கரால் தடிமனாகக் கோடு போட்டேன். போட்டபின் ஏதோ உறுத்தியது. டார்ச்சை எடுத்துக்கொண்டு பானெட்டுக்கு அடியில் தலையை விட்டேன்.

பானெட் என்பது ஒற்றைத் தகடு இல்லை. அடியில் பட்டை பட்டையாக ரிப் ஓடும். முன்னால் லாக்கிலிருந்து பின்னால் கீல் வரைக்கும் போகிற ரிப்தான், வண்டி பறக்கும்போது பானெட்டைப் பிடித்து நிறுத்துகிறது. இந்தக் காரை முன்னாடி வைத்திருந்த யாரோ எங்கேயோ கொண்டுபோய் முட்டி, வலது பக்க ரிப்பை மாற்றியிருக்கிறார்கள். மாற்றின புண்ணியவான் மூன்று விரல் வெளிப்பக்கம் தள்ளி ஒட்டிவிட்டுப் போயிருந்தான். என் கறுப்புச் சதுரத்தின் ஒரு மூலைக்கு நேர் கீழே ரிப் குறுக்காக ஓடியது. அங்கே வெட்டினால் ரிப்பும் சேர்ந்து போகும்.

மறுபடி அளந்து, சதுரத்தையும் மூன்று விரல் வெளியே தள்ளினேன். மார்க்கர் அந்த நேரம் பார்த்து உலர்ந்து தொலைத்தது. கையில் கிடைத்த பென்சிலால் புதுக் கோட்டைப் போட்டேன். கறுப்புக் கோட்டின் மேல் புது டேப் ஒட்டி மறைத்திருக்க வேண்டும். கத்துக்குட்டிக்குக்கூடத் தெரிந்த விஷயம். குட்டியிடம் சொன்னால் அவள் அவனிடம் சொல்லிவிடுவாள், அது போதும் என்று இருந்துவிட்டேன்.

குட்டி அப்போதுதான் ரிவெட் டப்பாவைத் திறந்தாள். "ஐயையோ, நீளம் பத்தாதே!" என்று ஒரு ரிவெட்டை விரலிடுக்கில் பிடித்துக் காட்டினாள். "போய் மாத்திட்டு வந்துடறேன். போக வர ரெண்டு மணி நேரம். அதுக்குள்ள ரெண்டு பேரும் அடிச்சுக்காதீங்க, தெய்வங்களா." பையைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடிக்க ஓடினாள். கோட்டைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவள் கேட்டைத் தாண்டியிருந்தாள்.

நான் தகட்டைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் பக்கம் போய், வலது பக்க வென்ட்டின் விளிம்பை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தேன். சொட்டு பெரிய காதடைப்பை மாட்டிக்கொண்டான். டிரில்லை எடுத்துக்கொண்டு காருக்குப் பக்கத்தில் போய் நின்றான். தகடு அறுக்கிற ஜிக்சாவின் பிளேடு உள்ளே இறங்குவதற்கு முதலில் நாலு மூலையிலும் ஓட்டை போட வேண்டும். அவன் கை எங்கே நிற்கிறது என்று நிமிர்ந்து பார்த்தேன்.

கறுப்புக் கோட்டின் மூலையில் நின்றது.

முதல் ஓட்டை இறங்கியது. இரும்புத் தூள் சுருள் சுருளாக டேப்பில் விழுந்தது. பென்சில் கோட்டைப் பார்க்கவில்லையா இவன்? மூன்று விரல் தள்ளி இன்னொரு சதுரம் இருக்கிறதே. இரண்டு கோடு இருந்தால் எது என்று கேட்க வேண்டாமா? கேட்டால் கிரீடம் இறங்கிவிடுமா? கேட்கட்டும், சொல்கிறேன். அவன் கேட்கவில்லை. அடுத்த மூலைக்குப் போனான்.

இரண்டாவது ஓட்டை. இங்கே உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. போடு ராசா, போடு. மேல் தகட்டில் நாலு ஓட்டைதானே, பத்து நிமிஷத்தில் அடைத்துவிடுவேன். குட்டி வரட்டும். "அது சின்னண்ணன் கை வேலை, அப்படித்தான் இருக்கும்" என்று நான் சிரித்துக்கொண்டே சொல்வேன். எட்டு மாதமாக அந்த வார்த்தை என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. அதை அவன் தொண்டையில் செருகப்போகிறேன் என்று ஆனந்தமாக இருந்தது.

மூன்றாவது ஓட்டையில் அந்த ஆனந்தம் நின்றுவிட்டது. அரத்தைக் கீழே வைத்தேன். அப்போதும் கால் நகரவில்லை. எட்டு மாதம் கழித்து முதல் வார்த்தையை நான் பேசுவதா என்று ஏதோ ஒன்று பிடித்து இழுத்தது. நாலாவது ஓட்டையும் இறங்கியபோது, சுவரைப் பார்த்துச் சொன்னேன். "யாரோ பழைய கோட்டுல ஓட்டை போடறாங்க."

காதில் பானை மாதிரி அடைப்பை மாட்டிக்கொண்டிருக்கிறவனுக்கு என்ன கேட்கும்? டிரில்லை வைத்துவிட்டு ஜிக்சாவை எடுத்தான். பிளேடை ஓட்டைக்குள் விட்டான். ஷெட் முழுக்க அலறியது.

"டேய்!" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மேல் தகட்டை வெட்டும்போது ஜிக்சா ஒரே சுருதியில் கத்தும். ஒரு சாண் தூரம் அப்படித்தான் போனது. நான் ஓட ஆரம்பித்திருந்தேன். வைஸுக்கும் காருக்கும் நடுவில் பன்னிரண்டு அடி. காலில் கம்ப்ரஸர் குழாய் மாட்டி முட்டி தரையில் இடித்தது. அதற்குள் சத்தம் மாறிவிட்டது. கனமாக, பல்லைக் கடிக்கிற மாதிரி. ரிப். அவன் ஏதோ முரண்டு பிடிக்கிறது என்று நினைத்து இன்னும் அழுத்தினான். அவனைத் தொட்டால் கை உதறி பிளேடு எங்கே போகுமோ என்று பயம். சுவருக்குத் தவழ்ந்துபோய் பிளக்கைப் பிடுங்கினேன்.

சத்தம் நின்றது. அவன் கருவியை உதறிப் பார்த்துவிட்டுத் திரும்பினான். தரையில் ஒயரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, காதடைப்பைக் கழற்றினான்.

"ரிப்பை வெட்டிட்ட" என்றேன். எட்டு மாதம் கழித்து நான் அவனிடம் நேராகப் பேசி அவன் காதில் விழுந்த முதல் வார்த்தை அது.

அவன் முகத்தில் ரத்தம் இல்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு பானெட்டுக்கு அடியில் குனிந்தான். நிமிர ரொம்ப நேரம் ஆனது. "முக்கால்வாசி போயிடுச்சு, அண்ணி."

"கண்ணு எங்கடா வெச்சிருந்த? பென்சில் கோடு தெரியலை?"

"கறுப்புல தடிமனா நீங்கதானே போட்டு வெச்சிருக்கீங்க? வேண்டாத கோட்டை மறைக்கணும்னு தெரியாதா உங்களுக்கு?"

"கேட்டிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்ல?"

"யார்கிட்ட சொல்றது, சுவத்துக்கிட்டயா?"

"எட்டு மாசமா அதானே பண்றீங்க!"

ஆளுக்கொரு பக்கம் மூச்சு வாங்க நின்றோம். நான்தான் முதலில் அடங்கினேன். "நூத்தி அறுபதுல போறப்ப ரிப் விட்டுடுச்சுன்னா பானெட் தூக்கிக்கிட்டு நேரா முன் கண்ணாடில வந்து அடிக்கும். பின்னாடி யார் உக்காந்திருப்பா?"

அவன் கையில் இருந்த ஜிக்சாவை மெதுவாகத் தரையில் வைத்தான். பிறகு கேட்டான். "நீங்க எப்பப் பார்த்தீங்க?"

"இப்பத்தான். சத்தம் மாறினதும்."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! நான் யோசிக்கக்கூட இல்லை.

அதற்குப் பிறகு அழ நேரம் இல்லை. வெட்டு விழுந்துவிட்டது, வென்ட் இனி அங்கேதான் உட்கார வேண்டும். சதுரத்துக்குள் வருகிற ரிப் துண்டை முழுசாக எடுத்துவிட்டு, திறப்பைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி தடித்த பட்டை ஒன்றை வளைத்து, இரண்டு முனையையும் மிச்சமிருக்கிற ரிப்போடு ஒட்ட வேண்டும். நான் பட்டையை வளைத்தேன். அவன் பிடித்துக்கொண்டான். ஒரேயடியாக ஒட்டினால் சூட்டில் மேல் தகடு நெளிந்துவிடும். பொட்டுப் பொட்டாக வைத்து, ஒவ்வொரு பொட்டுக்கும் ஆற விட வேண்டும். நான் ஒரு பொட்டு வைப்பேன், அவன் மேலே ஈரத்துணியை அழுத்துவான்.

"மெதுவா, அண்ணி. இந்தப் பக்கம் சூடு ஏறுது."

"துணியை இன்னும் கீழ பிடி. என் கையைச் சுட்டுடப் போற."

"உங்க கையா? அதைப் பார்த்தா வெல்டிங்கே பயந்துக்கிட்டு ஓடும்."

சிரித்துவிட்டோம். பாவம் பண்ணிவிட்டு அதை மூடுகிற நேரத்தில் எனக்கு மனசு லேசாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இவனோடு வேலை செய்வது எவ்வளவு நன்றாக இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. கை நீட்டினால் கேட்காமலே சுத்தியல் வந்தது. கடைசிப் பொட்டு வைத்து, அரைத்து வழித்ததும், பட்டையை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கிப் பார்த்தேன். அசையவில்லை.

"தாங்குமா?"

"தாங்கும்."

"நூத்துக்கு நூறா?"

"தொண்ணூறு."

மிச்சம் பத்தைப் பற்றி அவன் கேட்கவில்லை. கறுப்பு பெயின்ட்டைக் கலந்து, பட்டையின் மேலும் சுற்றிலும் அடித்தான். அடித்து முடித்தபோது டார்ச் வைத்துப் பார்த்தாலும் எது பழசு, எது புதுசு என்று தெரியவில்லை. அவன் கை அப்படி.

"குட்டிக்கிட்ட சொல்ல வேணாம், அண்ணி" என்றான், பெயின்ட் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டே. "சொன்னா நாளைக்குப் போகவே மாட்டா. ஆறு வருஷம்."

நான் அந்தப் பட்டையைப் பார்த்தேன். "சொல்ல வேணாம்" என்றேன்.

எட்டு மாதத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

குட்டி வந்தபோது சொட்டு எனக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தான். சர்க்கரை கம்மி என்று நான் திட்டிக்கொண்டிருந்தேன். கேட் பக்கம் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால் ரிவெட் டப்பாவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"பேசறீங்களா?" என்றாள். "நேருக்கு நேராவா?"

"ஏன், பேசக்கூடாதா?" என்றான் சொட்டு.

அவள் கண் கலங்கிவிட்டது. "ரிவெட்டு வாங்கப் போனா இப்படி ஒண்ணு நடக்கும்னு தெரிஞ்சிருந்தா எட்டு மாசத்துக்கு முன்னாடியே போயிருப்பேனே, பாவிங்களா!" என்று ஓடிவந்து, வியர்வையும் புகையுமாக நின்ற என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலாக நான் சொட்டுவைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

மூன்று பேருமாக ரிவெட் அடித்தோம். ஒவ்வொன்றின் காம்பும் டக், டக் என்று அறுந்து விழ, வென்ட் இறுகிக்கொண்டே வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் ஒரு நூல் வித்தியாசம் இல்லை. குட்டி டேப்பை உரித்தாள், பானெட்டைச் சாத்தினாள், உள்ளே ஏறி உட்கார்ந்து என்ஜினைப் போட்டாள். பத்து நிமிஷம் உறுமவிட்டாள். இரண்டு வென்ட்டிலிருந்தும் சூடான காற்று நெளிந்து நெளிந்து மேலே போனது தெரிந்தது.

"அண்ணி! முள் நகரவே இல்லை! பாதியிலேயே நிக்குது!" கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கத்தினாள். சின்னப் பிள்ளை மாதிரி ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். அந்த முகத்துக்கும் எனக்கும் நடுவில் பானெட் இருந்தது. அது கண்ணாடி மேல் நிமிர்ந்து வருவது என் கண்ணுக்கு அப்படியே தெரிந்தது. என்னால் ஒரு நிமிஷம்கூட நிற்க முடியவில்லை.

"வண்டியை அணை" என்றேன். "அணைச்சுட்டு இறங்கு, குட்டி. ஒண்ணு சொல்லணும்."

"அண்ணி…" என்றான் சொட்டு.

"நீ சும்மா இரு."

சொன்னேன். ரிப் வெட்டுப்பட்டதை, பட்டை வைத்து ஒட்டினதை, பெயின்ட் அடித்து மறைத்ததை எல்லாம். அவள் பானெட்டைத் தூக்கி, டார்ச்சை வாங்கி, பட்டை மேல் விரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் தடவிப் பார்த்தாள். நரம்பு தேடுகிற விரல். ஒட்டின இடம் அதற்குத் தெரிந்துவிட்டது.

"நல்லா ஒட்டியிருக்கீங்க" என்றாள். "தாங்குமா?"

"தாங்கும்னுதான் நினைக்கறேன்."

"சின்னண்ணன் தப்பா வெட்டறது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

இங்கேயும் அந்தப் பழைய பொய்யைச் சொல்லியிருக்கலாம். சொட்டு அதைத்தான் எதிர்பார்த்தான்.

"முதல் ஓட்டையில" என்றேன்.

சொட்டு சடாரென்று என் பக்கம் திரும்பினான்.

"நாலு ஓட்டை போட்டிருப்பானே, அண்ணி."

"ஆமா."

"நாலும் பார்த்துக்கிட்டு நின்னீங்களா?"

"நின்னேன். அவன் அவமானப்படட்டும்னு நின்னேன். ரிப் வரைக்கும் போகும்னு நினைக்கலை." நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

குட்டி அண்ணனிடம் திரும்பினாள். "நீ? பென்சில் கோட்டைப் பார்க்கவே இல்லையா?"

அவன் துணியைக் கையில் சுருட்டினான். "பார்த்தேன்" என்றான். "எதுன்னு கேக்கணும்னு தோணுச்சு. அவங்ககிட்ட போய்க் கேக்கணுமான்னு விட்டுட்டேன்."

அவள் எங்களைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். நான் அவசர அவசரமாகப் பேசினேன். "இப்பவே ரிவெட்டைப் பிரிச்சுடறேன், குட்டி. இதைவிடத் தடிப்பா இன்னொரு பட்டை சேர்த்து வைக்கறேன். முன்னாடி ரெண்டு பக்கமும் கூடுதலா லாக் பின் போட்டுடலாம். பானெட் தூக்கவே தூக்காது. சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடுவோம். காலைல எட்டு மணிக்குத்தானே?"

"ஒட்டினதைப் பத்தி நான் பேசலை, அண்ணி." பானெட்டை மெதுவாக இறக்கி, உள்ளங்கையால் அழுத்திச் சாத்தினாள். "வளைவுக்குள்ள போறப்ப எனக்கு முன்னாடி இருக்கற ரோடு மட்டும்தான் தெரியும். உள்ள என்ன இருக்கு, அடியில என்ன இருக்குன்னு நான் குனிஞ்சு பார்க்க முடியாது. நீங்க ரெண்டு பேரும் பார்த்தாச்சு, எதுவா இருந்தாலும் சொல்லியிருப்பீங்கன்னு நினைச்சுத்தான் மிதிக்கறேன். நாளைக்கு ஒவ்வொரு வளைவுலயும் யோசிப்பேன். சக்கரத்துல ஏதாவது பார்த்துட்டு சும்மா இருந்திருப்பாங்களோ, பிரேக்குல ஏதாவது பார்த்திருப்பாங்களோன்னு யோசிப்பேன். யோசிச்சா காலு ஆக்ஸிலேட்டரை விட்டுத் தானா எழும்பும். காலை எடுத்தா அந்த டைம் வராது."

"வரும். நீ ஓட்டு, வரும்" என்றான் சொட்டு.

"வராது, சின்னண்ணா. எனக்குத் தெரியும்."

கை துடைக்கிற துணியை எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். கை நடுங்கவில்லை. செல்போனை எடுத்துக்கொண்டு கேட் பக்கம் நடந்தாள். நானும் சொட்டுவும் இருந்த இடத்திலேயே நின்றோம். அவள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினது முழுக்கக் கேட்டது.

"சார், நான்தான். நாளைக்கு எட்டு மணி இடத்தை வேற யாருக்காவது குடுத்துடுங்க… ஆமா சார், தெரியும், இதுதான் கடைசின்னு சொன்னீங்க… இல்லை, உடம்புக்கு ஒண்ணும் இல்லை." கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சொல்வதைக் கேட்டாள். "வண்டி ரெடியா இருக்கு, சார். வண்டியில ஒரு குறையும் இல்லை."